வெள்ளைத்தாளில் ஊர்ந்தவை

தாளில் ஏதோ அசைகிறது. ஐந்து எண்ணிவிட்டேன், ஆறாவது எழுந்து என் கட்டைவிரல் நகத்துப் பக்கம் போய்விட்டது, திரும்ப முதலிலிருந்து எண்ண வேண்டும். மல்லிகைக் கிளையை வெள்ளைத்தாளுக்கு மேல் சாய்த்துப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினால் இலைக்கு அடியில் இருப்பதெல்லாம் உதிரும். பத்து மூச்சு பொறுத்துப் பார்த்தால் தூசி தூசியாகவே கிடக்கும், சிவப்புச் சிலந்தி மட்டும் நடக்கும். சிலந்தி என்று பெயர்தானே தவிர அது பேன் சாதி, ஊசிமுனையைவிடச் சிறியது, இலையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்து சாறு குடித்துக் குடித்து மேல்பக்கத்தை வெளிறிய மஞ்சளாக்கிவிடும், பங்குனி வெயிலில் ஒரு வாரத்துக்குள் ஒரு செடியில் இருப்பது ஒரு பாத்தி முழுக்க ஏறிவிடும். தாளில் நடக்கிறதா இல்லையா, அவ்வளவுதான் நான் சொல்ல வேண்டியது. அதோ ஒச்சம்மா வரப்பில் நிற்கிறாள், கந்தகப் பவுடரைக் கரைத்து டேங்க்கில் ஊற்றி முதுகில் மாட்டிக்கொண்டு. நான் நடக்கிறது என்றால் அடிப்பாள், இல்லை என்றால் கொட்டிவிடுவாள். இருப்பதை இல்லையென்று சொன்னால் அவளுடைய அரை ஏக்கரும் சித்திரை முகூர்த்தத்துக்குள் மஞ்சளாகிப்போகும். இல்லாததை இருக்கிறதென்று சொன்னால் பத்து நாளில் இரண்டு முறை கந்தகம் பட்டு ஓரம் கருகி நிற்கிற செடி மூன்றாவது முறைக்குத் தாங்காது. அந்த இரண்டு முறையும் நான் சொல்லித்தான் அடித்தாள். ஆறாவது எங்கே போனது. லென்ஸை எடுப்பதற்குள் நகர்ந்துவிடுகிறது. விரலை வைத்து நசுக்கிப் பார்த்தேன். நசுங்கினால் தாளில் செம்மண் நிறத்தில் ஒரு இழுப்பு விழும். ஒன்றும் விழவில்லை. தப்பித்திருக்கும். போன தடவையும் தப்பித்தது, அதற்கு முந்தின தடவையும்.

“என்னண்ணே, பேரு ஊரெல்லாம் விசாரிக்கிறீகளா அதுகிட்ட?” என்றாள் ஒச்சம்மா. “பொறும்மா” என்றேன். “நான் பொறுப்பேன். வெயிலு பொறுக்குமா? ஏழரைக்கு மேல கந்தகம் அடிச்சா இலை வெந்துபோகும்னு நீங்கதான சொன்னீக.” நான்தான் சொன்னேன். நான் சொன்னதை எல்லாம் அவள் நினைவில் வைத்திருக்கிறாள், போன வருஷம் சொன்னதையும். போன வருஷம் இதே மாதம் இதே காட்டில் வடமேற்கு மூலையில் நான்கு செடியில்தான் சிலந்தி இருந்தது, லென்ஸ் இல்லாமலே கண்டுபிடித்தேன், இலைக்கும் காம்புக்கும் நடுவில் சிலந்திநூல் வெயிலில் மின்னியது, அந்த நான்கை மட்டும் கிளை வெட்டிக் கவாத்து செய்து, வெட்டியதை எரித்துவிட்டு மற்றவற்றுக்கு அடியிலிருந்து மேலாகத் தண்ணீரைப் பீய்ச்சச் சொன்னேன், மருந்தே இல்லாமல் நின்றுபோனது. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள், பூச்சிக்காரண்ணே கண்ணு கண்ணில்ல, நுண்ணோக்கி என்று. கணவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில், இவள் தனியாளாகக் காலை நான்கு மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறித்து, மொபெட்டில் சந்தைக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்து களை எடுக்கிறவள். இன்றைக்குப் பறித்த மொட்டு அங்கே ஈரச்சாக்கில் கிடக்கிறது. சாக்கு எப்போதும் புடைத்துக்கொண்டு நிற்கும், இன்றைக்கு மடிந்து உட்கார்ந்திருக்கிறது. அதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வார்த்தை குறையாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டாம் தடவை அடித்த மறுநாள் இலையோரம் கருகி மொட்டுக் கொட்டியபோதுகூட, மருந்து கொஞ்சம் தூக்கலாப் போச்சு போலண்ணே, என் கை அப்படி, என்றுதான் சொன்னாள்.

கை இல்லை. நான் அளவு பார்த்துத்தான் கொடுத்தேன், அளவு சரி. இலை மஞ்சளாக இருந்ததும் உண்மை. ஆனால் இலை மஞ்சளாவதற்கு நூறு காரணம் இருக்கிறது, அதற்குச் சற்று முன்புதான் அவள் கிணற்று மோட்டாரின் கம்பிச்சுருள் எரிந்துபோய் பன்னிரண்டு நாள் தண்ணீர் பாயவில்லை, தண்ணீர் இல்லாத மல்லிகை மஞ்சளாகத்தான் ஆகும், அது எனக்குத் தெரியாதா, தெரியும், அதைத்தான் முதலில் நினைத்தேன், பிறகு தாளைப் பிடித்துத் தட்டினேன், தாளில் அசைந்தது. கண்ணால் பார்த்த பிறகு மோட்டாரை எதற்கு நினைக்க வேண்டும். கண்ணால் பார்ப்பதுதான் என் வேலை. திண்டுக்கல் நூல் மில்லில் முப்பத்தோரு வருஷம் கருப்பு அட்டையில் வெள்ளை நூலை நெருக்கமாகச் சுற்றி வெளிச்சத்தில் வைத்து, தடித்த இடம், மெலிந்த இடம், முடிச்சு, பஞ்சுத் துணுக்கு என்று எண்ணி எழுதுவேன். ஒரு அட்டையில் பதினேழு துணுக்கு என்று நான் எழுதினால் பதினேழுதான், மேலதிகாரி பூதக்கண்ணாடி வைத்துத் திரும்ப எண்ணிவிட்டுப் பேசாமல் கையெழுத்துப் போடுவார். பூச்சி பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. வீட்டு வாசல் செம்பருத்தியில் வெள்ளையாகப் படர்ந்தபோது பஞ்சுத் துணுக்கு என்றுதான் நினைத்தேன், மில்லிலிருந்து சட்டையோடு வந்து ஒட்டியிருக்கும் என்று, தட்டினால் போகவில்லை, உற்றுப் பார்த்தால் கால் இருந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது. மாவுப்பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தெடுக்கப் பழகி, அப்படித் துடைத்தபோது அதே மாதிரி வெள்ளை மெழுகு போர்த்துக்கொண்டு அதற்குள்ளேயே இருந்து அதையே தின்கிற வண்டுப் புழுவையும் சேர்த்துத் துடைத்துக் கொன்றுவிட்டேன் என்பது ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு மூன்று நாள் பார்க்காமல் எதற்கும் மருந்து சொல்வதில்லை. ஓய்வு பெற்றபின் ஜனங்கள் இலையைப் பாலிதீன் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள், இலை வேண்டாம், காட்டைக் காட்டு என்பேன். ஒரு இலையைப் பார்த்து மருந்து கொடுக்கிற கடைக்காரர்களை எவ்வளவு ஏசியிருக்கிறேன். இப்போது நான் மட்டும் என்ன, மூன்று நாள் பார்த்தேனா. அசைந்தது, சொன்னேன்.

அசைந்தது. அதில் சந்தேகமில்லை. சந்தேகம் வேறு இடத்தில். முந்தாநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு, நல்ல வெள்ளை. நாள்காட்டிக்குப் பக்கத்தில் ஒரு கரும்புள்ளி மெல்ல இறங்கியது. எறும்பு என்று நினைத்தேன். எழுந்து கிட்டே போனேன், அது நாள்காட்டியிலிருந்து கதவுக்குப் போய்விட்டது. கதவைப் பார்த்தேன், மேலே போனது. எறும்பு இவ்வளவு வேகமாகப் போகாது. அப்புறம் கண்ணைக் கழுவிக்கொண்டு படுத்துவிட்டேன், வெயிலில் அலைந்தது, வயசு, தூக்கம் போதவில்லை. படுத்தபோது வலது கண்ணின் கடைசி ஓரத்தில் வெளிச்சம் வெட்டியது, மழை வரப்போகிறது என்று நினைத்தேன், பங்குனியில் கோடை மின்னல் சகஜம்தான், எழுந்துபோய் வானத்தைப் பார்த்தேன், ஒரு மேகமும் இல்லை, கண்ணை மூடினேன், மூடிய பிறகும் வெட்டியது. இதையெல்லாம் எதற்கு இப்போது நினைக்கிறேன், தாளைப் பார்க்க வேண்டும், ஆறாவதைப் பிடிக்க வேண்டும். தாளைக் கிழக்கே சாய்த்தேன். நடக்கிறவை சாய்த்தாலும் தாளைப் பற்றிக்கொண்டிருக்கும், தூசி வழுக்கும். என்னுடையவை இரண்டும் செய்யவில்லை, நான் பார்க்கிற பக்கமெல்லாம் கொஞ்சம் பிந்தி வந்தன, நான் நிறுத்தினால் அவையும் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றன. இப்படி நடக்கிற பூச்சியை நான் பார்த்ததில்லை. பார்த்ததில்லை, ஆனால் கேட்டிருக்கிறேன். பவளம் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

என் மனைவி. பவளக்கொடி என்பது முழுப்பேர், நான் பவளம் என்பேன். அடுப்படியில் நின்றுகொண்டு, “ஏங்க, கண்ணுக்குள்ள கொசு பறக்குது” என்றாள். நான் அப்போது முற்றத்தில் எலுமிச்சைக் கொழுந்தில் இலைக்குள் குடைந்து போகிற புழுவின் வெள்ளித் தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பாமலே, “கொசுவத்தியைக் கொளுத்து” என்றேன். “வெளிய இல்லங்க, உள்ள. வெள்ளையா எதையாச்சும் பார்த்தா தெரியுது, பிடிக்கப் போனா ஓடிப்போயிருது.” கண்ணைக் கழுவு என்றேன். கழுவினாள். மறு வாரமும் சொன்னாள், நாளைக்குப் போவோம் என்றேன், அந்த வாரம் மில்லில் ஆய்வுக்கு ஆள் வந்திருந்தது. சொல்வதை அவளே நிறுத்திக்கொண்டாள், நான் சரியாகிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். ஐந்து மாதம் கழித்து அரிசியில் கல் பொறுக்கும்போது கல்லையும் அரிசியையும் சேர்த்துப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துத்தான் மதுரைக்கு அழைத்துக்கொண்டு போனேன். சர்க்கரை விழித்திரையைத் தின்றிருந்தது. மருத்துவர் சின்ன வயசுப் பெண், கண்ணுக்குள் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “பூச்சி பறக்குதுன்னு எப்ப சொன்னாங்க?” என்றார். நான் போன வாரம் என்றேன். பவளம் பக்கத்தில் இருந்தாள். நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அன்றே பாதி போயிருந்தது, மீதி இரண்டு வருஷத்தில் போனது. நூலில் ஒரு துணுக்கு ஒட்டினால் கண்டுபிடிக்கிறவன், ஒரே வீட்டில், ஒரே பாயில். வேண்டாம். தாளைப் பார்.

“அண்ணே, சொல்லிருங்க. சந்தைக்கும் போகணும்.” ஒச்சம்மா டேங்க்கின் பட்டையைத் தோளில் மாற்றிப் போட்டாள். பதினாறு லிட்டர் கனம். இன்னொரு செடி பார்க்கிறேன் என்றேன். “பாருங்க. நான் இப்படியே கல்லாச் சமைஞ்சு நிக்கிறேன், நாளைக்கு எனக்கும் சேர்த்து மாலை போடுவாக.” அடுத்த பாத்திக்கு நகர்ந்தேன். கிளையைப் பிடித்துத் தட்டினேன். ஐந்து, ஆறு, ஏழு, கூடிவிட்டது, முன்னைவிடக் கூடிவிட்டது, ஒரு நூல்கூட மிதந்தது, சிலந்திநூலாக இருக்கலாம், இருந்தால் எவ்வளவு நல்லது, சிலந்திநூல் இருந்தால் சிலந்தி இருக்கிறது, சிலந்தி இருந்தால் நான் சொன்ன மூன்று தடவையும் சரி, அவள் அடிப்பாள், நான் வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடிப்பேன். ஒரு பூச்சி இருக்கக் கூடாதென்று முப்பது வருஷமாகத் தேடியவன் இருந்துவிடாதா என்று தாளைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அடி என்று சொல்லிவிடலாம். செடி கருகினால் வெயில் என்று சொல்லிக்கொள்ளலாம், அவளே, என் கை அப்படி என்பாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் நிமிர்ந்தேன். ஒச்சம்மா சூரியனுக்கு எதிராக நின்றிருந்தாள், பின்னால் வெளிறிய வானம். அவளுடைய நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்தில் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது. கன்னத்துக்கு வந்தது. அவள் கையை எடுத்துத் துடைக்கவில்லை. வானத்தில் இன்னும் மூன்று இருந்தன.

கண்ணை மூடினேன். மூடியபடியே குனிந்து கைக்கு அகப்பட்ட இலையின் அடிப்பக்கத்தை இரண்டு விரலால் தடவினேன். பவளம் உயிரோடு இருந்தவரை இதை அவள்தான் செய்வாள். பார்வை போன பிறகு வாசலில் உட்கார்ந்து செம்பருத்தி, ரோஜா, மல்லிகை என்று ஒவ்வொன்றாக இலையின் அடியைத் தடவிக்கொண்டிருப்பாள், பிசுபிசுன்னு இருக்குங்க என்றால் அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கும், ரவை மாதிரி நெருடுதுங்க என்றால் சிலந்தி. நான் லென்ஸை எடுத்துப் பார்ப்பேன், அவள் சொன்னது இருக்கும். ஒருநாள் எனக்கு முன்பே ரோஜாவில் அவள் கண்டுபிடித்தது பொறுக்காமல், லென்ஸில் தெளிவாகத் தெரிந்ததைப் பார்த்துக்கொண்டே, “ஒண்ணுமில்ல பவளம், அது மண்ணு” என்றேன். “சரிங்க, உங்க கண்ணுக்குத் தெரியாததா” என்றாள். மறுநாள் அவள் தூங்கும்போது எழுந்துபோய்ச் சத்தமில்லாமல் அந்த ரோஜாவைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். அவளுக்குத் தெரிந்திருக்கும். தண்ணீர்ச் சத்தம் கேட்காதவளா. இப்போது இலை என் விரலுக்கு நடுவில் வழவழவென்று இருந்தது. நரம்பு நெருடியது, அது நரம்பு. அடுத்த இலை. அடுத்த செடி. ஓரம் மொறமொறப்பாக இருந்தது, அது நான் கருக்கியது. அடிப்பக்கம் குழந்தையின் உள்ளங்கால் போல இருந்தது. பாத்தியோடு நடந்து கண்ணைத் திறக்காமலே இருபது செடி தடவியிருப்பேன், வரப்பு தட்டிய இடத்தில் ஒச்சம்மா கையைப் பிடித்தாள். “என்னண்ணே, கண்ணாமூச்சியா?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

கண்ணைத் திறந்தேன். “டேங்க்கை இறக்கிரும்மா. செடியில ஒண்ணுமில்ல” என்றேன். “இப்ப இல்லையா, எப்பவுமே இல்லையா?” அவள் எப்போதும் இப்படித்தான், ஆணி இருக்கிற இடத்தில் சரியாகக் கால் வைப்பாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். இரண்டு தடவை அடித்ததில் எல்லாம் செத்துப்போயின என்று சொல்ல அவளே வழி விட்டுத்தான் கேட்டாள். “எப்பவுமே இல்லம்மா. தண்ணியில்லாம மஞ்சளானது. ஓடுனதெல்லாம் என் கண்ணுல ஓடியிருக்கு. இப்ப உன் மூஞ்சியிலயும் ஓடுது.” அவள் டேங்க்கை வரப்பில் இறக்கினாள். கொஞ்ச நேரம் செடிகளைப் பார்த்தாள், கருகின ஓரங்களை, பிறகு மடிந்து கிடந்த சாக்கை. “அப்ப ரெண்டு தடவையும் உங்க கண்ணுக்கா மருந்தடிச்சேன்?” என்றாள். ஆமாம் என்றேன். “நல்லா அடிச்சேன்ணே. மூலை முடுக்கு விடாம அடிச்சேன்.” குரல் உடைந்தது, கோபத்திலா வேறெதிலா தெரியவில்லை, நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்தால் அதன் மேல் அவை ஊரும். டேங்க்கைத் திறந்து மருந்தை வெறும் மேட்டில் கவிழ்த்தாள். “செடி தழைஞ்சிரும்ல?” என்றாள். “தண்ணி பாயுதுல்ல, தழைஞ்சிரும். சித்திரை மொதல் வாரத்துக்குப் பூ வராது. கடைசிக்கு வரும்.” “அது போதும்” என்றாள். போதாது என்று இருவருக்கும் தெரியும்.

சாக்கைத் தூக்கி வண்டியின் முன்பக்கம் வைத்துவிட்டு, “ஏறுங்க” என்றாள். எங்கே என்றேன். “பூவைச் சந்தையில எறிஞ்சிட்டு அப்படியே மதுரை பஸ்ஸுல உட்காருவோம். கண்ணாஸ்பத்திரிக்கு.” இன்றைக்கு வேண்டாம், வீடு திறந்து கிடக்கிறது, பால்காரர் வருவார், சட்டை இப்படி இருக்கிறது, நாளைக்கு நானே போய்க்கொள்கிறேன் என்றேன். எல்லாம் நியாயமான காரணம், மில்லில் ஆய்வுக்கு ஆள் வந்தது போல. ஒச்சம்மா வண்டியை உதைத்தாள், பிடிக்கவில்லை, மறுபடி உதைத்தாள். முகத்தைத் திருப்பாமல் சொன்னாள். “அக்காகிட்டயும் நாளைக்குன்னுதான சொன்னீக.”

பவளம் இவளிடம் சொல்லியிருக்கிறாள். எப்போது சொன்னாள், வாசலில் இருவரும் உட்கார்ந்து பூக்கட்டிய எத்தனையோ சாயங்காலத்தில் ஒன்றில் சொல்லியிருப்பாள், குறையாகச் சொல்லியிருக்க மாட்டாள், மழை பெய்தது என்பது போலச் சொல்லியிருப்பாள். அதைத் தெரிந்துகொண்டே இவள் இத்தனை வருஷம் அண்ணே அண்ணே என்று லென்ஸோடு என்னை இந்தக் காட்டுக்குள் கூப்பிட்டிருக்கிறாள், நான் சொன்னதை எல்லாம் நம்பியிருக்கிறாள். வண்டி பிடித்துக்கொண்டது. ஏறி உட்கார்ந்தேன். கையில் தாள் இருந்தது, மடித்துச் சட்டைப்பையில் வைக்கப் பார்த்தேன், பை அகப்படவில்லை, விட்டுவிட்டேன். வாய்க்கால் பாலத்தைத் தாண்டியதும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் மட்டும் ரோட்டைப் பார்த்தேன். நேற்றுச் சாயங்காலமும் ஒருமுறை இப்படிப் பார்த்தேன், உடனே கையை எடுத்துவிட்டு விளக்கைப் போடப் போய்விட்டேன், பார்த்ததை எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. இன்றைக்குக் கையை எடுக்கவில்லை. புளியமரங்கள் தெரிந்தன, மேலே வானம் தெரிந்தது, கீழே ரோடு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று வளைந்து ஏறி நின்றது, ஈரத்துணியைக் கீழேயிருந்து தூக்கிப் பிடித்தது போல, நேற்றைக்கு இருந்ததைவிட உயரமாக.

“ஒச்சம்மா” என்றேன். காற்றில் அவளுக்குக் கேட்கவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். “பூச்சி மட்டுமில்லம்மா. கீழ இருந்து ஒரு மறைப்பு ஏறுது. நேத்துல இருந்து.”

சந்தைக்குத் திரும்புகிற முக்கு வந்தது. அவள் திரும்பவில்லை. பூவோடு நேராக பஸ் நிலையத்துக்கு ஓட்டினாள்.